குளிரில் மின்சாரக் காரும் வெப்பக் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலை அண்டிய நாட்களில், ஒஸ்லோவில் வெப்பநிலை மைனஸ் 10 பாகைக்குக் கீழே இறங்கியதும், உறவினர்களிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணை, கோடையில 400 கிலோமீற்றர் காட்டின கார் இப்ப 270 தான் காட்டுது. பற்றரி பழுதாப் போச்சோ?" பற்றரி பழுதாகவில்லை, பங்குனி கழிந்ததும் பழைய எண் திரும்ப வரும் என்று சொல்லி வைத்துவிடலாம். ஆனால் ஏன் குறைந்தது என்பதை விளங்கிக்கொண்டவர் அந்த இழப்பில் பாதியைத் தன் கைப்பழக்கத்தினாலேயே மீட்டெடுக்க முடியும் என்பதை இத்தனை குளிர்காலங்களில் என் சொந்தக் காரிலேயே கண்டிருக்கிறேன். 2025 ஆம் ஆண்டில் நோர்வேயில் பதிவான புதிய கார்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமானவை முழுமையான மின்சாரக் கார்கள். புதிதாகக் கார் வாங்கும் நம்மவர்களுக்கு இனி வேறு தெரிவு அநேகமாக இல்லை என்ற நிலையில், இதைத் தமிழில் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் மின்சாரக் காரை ஓட்டுபவர் இரண்டு இருப்புகளைக் கவனிக்கிறார். ஒன்று பற்றரியில் இருக்கும் மின்சாரம். அதைத் திரையில் சதவீதமாகப் பார்க்கிறோம். மற்றது காருக்குள்ளும் பற்றரிக்குள்ளும் இருக்கும் வெப்பம். அதைத் திரை பெரும்பாலும் காட்டுவதில்லை, அதனால் நாமும் நினைப்பதில்லை. இந்த இரண்டாவது இருப்பை எங்கே, எப்போது, எந்த மின்சாரத்தைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

பெற்றோல் காரில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக வீணாக்குகிறது; அந்த வீண் வெப்பத்தின் ஒரு சிறு பகுதியை உள்ளே திருப்பிவிட்டாலே கார் கதகதப்பாகிவிடும். மின்மோட்டாரோ தனக்குக் கொடுக்கப்பட்ட மின்சாரத்தில் 90 சதவீதம் அளவைச் சக்கரத்துக்கே அனுப்பிவிடுகிறது. அந்தத் திறமையினால்தான் கோடையில் அது அவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது. அதே திறமையினால்தான் குளிரில் உள்ளே இருப்பவர்களைச் சூடாக்கப் பற்றரியிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் பற்றரியின் உள்ளே இருக்கிறது. லித்தியம் அயன் பற்றரியில் அயன்கள் ஒரு திரவத்தினூடாக நீந்தி, கிராஃபைற் படலங்களுக்கிடையே போய் அமர்ந்துகொள்கின்றன. குளிரில் அந்தத் திரவம் தடித்துப்போகிறது, அயன்களின் நடமாட்டம் தளர்கிறது, உள்தடை கூடுகிறது. வெளியே எடுக்கும்போது இதனால் சிறிதளவு மின்சாரம் வெப்பமாக வீணாகும், அவ்வளவுதான். உள்ளே ஏற்றும்போதுதான் உண்மையான இடர் இருக்கிறது. உறைநிலையில் இருக்கும் பற்றரிக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால், லித்தியம் கிராஃபைற்றுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைப்பதில்லை. பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். இதைத் தடுப்பதற்காகத்தான் காரின் கட்டுப்பாட்டு அமைப்பு குளிர்ந்த பற்றரிக்குள் செல்லும் மின்னோட்டத்தை இறுக்கிப் பிடிக்கிறது. 150 கிலோவாட் என்று எழுதப்பட்ட சார்ஜரில் 20 கிலோவாட் மட்டும் வருவதைப் பார்த்துச் சார்ஜர் நிறுவனத்தைத் திட்டுபவர்கள் பலர். அங்கே பெரும்பாலும் உங்கள் கார்தான் உங்கள் பற்றரியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கால் எடுத்தால் தானாக மின்சாரம் திரும்ப ஏறும் மீட்புப் பிரேக் குளிர்ந்த காலையில் வேலை செய்ய மறுப்பதற்கும் இதுவே காரணம்; பழகிய இடத்தில் கார் எதிர்பார்த்தபடி வேகம் குறையாது என்பதை, வழுக்கும் தெருவில் இறங்கும் முன் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எஞ்சியவை பௌதிகம். மைனஸ் 20 பாகைக் காற்று 20 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 16 சதவீதம் அடர்த்தியானது; அதைக் கிழித்துக்கொண்டு போவதற்கும் அதே அளவு கூடுதல் சக்தி வேண்டும். 10 பாகை குறைந்தால் ரயரின் காற்றழுத்தம் சுமார் 0.1 பார் குறைகிறது. ஐப்பசியில் நிரப்பிய காற்றுடன் தை மாதத்தில் ஓடுபவர் அரைக் காற்று இல்லாத ரயரில் ஓடுவதைப் போலத்தான் ஓடுகிறார் என்று சொன்னால் மிகையாகும். ஆனாலும் இழப்பு உண்டு, அதைத் தவிர்க்க ஐந்து நிமிடங்களும் ஒரு காற்றுக் குழாயும் போதும். இளகிய பனிச்சேற்றில் ஓடும்போது ஏற்படும் உராய்வுக்கு மட்டும் நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இவையெல்லாம் சேர்ந்து எவ்வளவு குறைக்கும் என்பதற்கு நோர்வே வாகன ஓட்டிகள் சங்கமும் அதன் மோட்டோர் இதழும் 2020 முதல் நடத்திவரும் குளிர்காலச் சோதனை நல்ல அளவுகோல். பல கார்களை ஒரே நாளில், ஒரே பாதையில், பற்றரி முற்றாகத் தீரும் வரை ஓட்டிப் பார்க்கிறார்கள். 2020 ஆம் ஆண்டின் முதலாவது சோதனையில் 20 கார்கள் ஓடின. தயாரிப்பாளர் அறிவித்த தூரத்தில் சராசரியாக 18.5 சதவீதம் குறைந்தது. அந்த அறிவிப்புத் தூரம் 23 பாகை வெப்பத்தில், ஆய்வுகூட உருளைகளின் மேல் அளக்கப்படுவது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனை நீண்ட, இடைவிடாத ஓட்டம். நமது அன்றாட வாழ்க்கை அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் 18 சதவீதம் என்று வாசித்தவர் வீட்டில் 35, 40 சதவீத இழப்பைக் கண்டு திகைக்கிறார்.

குறும்பயணத்தின் விலையை நான் ஒரு வாரம் முழுக்கக் குறித்துப் பார்த்தேன். என் காரின் பற்றரி 64 கிலோவாட் மணி. கோடையில் 100 கிலோமீற்றருக்கு 15 முதல் 16 கிலோவாட் மணி எடுக்கும். மைனஸ் 12 பாகையில் இரவு முழுவதும் வெளியே நின்ற காரை, முன்கூட்டிச் சூடாக்காமல், 4 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் சிறுவர் பூங்காப் பள்ளிக்கு ஓட்டிச் சென்றபோது அதே கணக்கு 100 கிலோமீற்றருக்கு 40 கிலோவாட் மணியைத் தாண்டியது. ஹீற்றர் முதல் பத்து நிமிடங்களுக்கு 5 கிலோவாட் வரை இழுக்கிறது. காரின் இரும்பும் இருக்கைகளும் கண்ணாடிகளும் சூடாகி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். பின் அந்த வெப்பம் முழுவதும் தரிப்பிடத்தில் காற்றோடு போய்விடுகிறது. மாலையில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறோம். நீண்ட பயணத்தில் இதே ஹீற்றர் முதல் சூட்டுக்குப் பிறகு 2 கிலோவாட் அளவில் அமைதியாக ஓடும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் அது 100 கிலோமீற்றருக்கு 2.5 கிலோவாட் மணிதான். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நெரிசலில் ஊர்ந்தால் அதே 2 கிலோவாட், 100 கிலோமீற்றருக்கு 10 கிலோவாட் மணியாகிவிடுகிறது. ஆகவே குளிரில் மெதுவாகப் போனால் தூரம் கூடும் என்ற பொது நம்பிக்கை ஒரு எல்லைக்கு மேல்தான் உண்மை. நெடுஞ்சாலையில் 110 இலிருந்து 90 க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்த இறக்கம் பெரிய ஆதாயம். நகரத்துக்குள் ஊர்வதில் ஆதாயம் எதுவும் இல்லை. கடை, நூலகம், பிள்ளையின் பயிற்சி என்று மூன்று வேலைகள் இருந்தால், அவற்றை மூன்று தனிப் பயணங்களாக்காமல் கார் சூடாக இருக்கும்போதே ஒரே சுற்றில் முடித்துவிடுவதுதான் நகரத்துக்குள் செய்யக்கூடிய மிகப் பெரிய சேமிப்பு.

அடுத்தது, வெப்பத்தை வீட்டுச் சுவரிலிருந்து வாங்குவது. புறப்படும் நேரத்தைச் செயலியில் குறித்துவிட்டால், வடம் இணைந்திருக்கும்போதே கார் உள்ளறையையும், பல மாதிரிகளில் பற்றரியையும் சேர்த்துச் சூடாக்கிக்கொள்ளும். பற்றரியின் எடை 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை மைனஸ் 10 இலிருந்து 20 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 3.3 கிலோவாட் மணி வேண்டும். வீதியில் போய்க்கொண்டே அதைச் செய்தால் 15 முதல் 20 கிலோமீற்றர் ஓட்டம் பறிபோகும். வீட்டில் நின்று செய்தால் மின்கட்டணப் பட்டியலில் சில குரோனர் கூடும், அவ்வளவுதான். ஆனால் சாதாரணச் சுவர்ச் சொருகியில் 10 அம்பியர் மட்டுமே எடுக்கும்போது கிடைப்பது 2.3 கிலோவாட், ஹீற்றர் 5 கிலோவாட் கேட்கும். மீதி பற்றரியிலிருந்து போகும், புறப்படும்போது சதவீதம் இரண்டு மூன்று இறங்கியிருக்கும். அதைப் பார்த்து முன்சூடாக்கலே வீண் என்று நிறுத்திவிட்ட ஒரு நண்பர் எனக்கு உண்டு. ஹீற்றர் கேட்டதில் ஏறத்தாழ பாதியைச் சுவர்தான் கொடுத்தது என்பதை அவருக்கு விளங்கவைக்க ஒரு மாலை முழுவதும் எடுத்தது.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முன்சூடாக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தடித்த பனிக்கால உடுப்புடன் பிள்ளையை ஆசனத்தில் கட்டினால் பட்டி உடலைப் பற்றாது. விபத்தில் அந்த உடுப்பு நசுங்கி, பட்டி தளர்ந்துவிடும். உடுப்பைக் கழற்றிவிட்டுக் கட்ட வேண்டும், கழற்றுவதற்கு உள்ளே சூடாக இருக்க வேண்டும். தூரத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பிள்ளைகளைக் குளிரில் நடுங்கவைக்கும் சிக்கனத்தில் எனக்கு உடன்பாடில்லை. தனியாகப் போகும்போது வேறு கதை: இருக்கைச் சூடும் சுக்கான் சூடும் சேர்ந்து ஒரு பழைய மின்குமிழ் அல்லது இரண்டின் அளவு மின்சாரத்தில் உடலை நேரடியாகச் சூடாக்கிவிடும், காற்றை 18 பாகையில் வைத்தாலே போதுமாகிவிடும்.

உள்ளே கொண்டுவரும் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. சப்பாத்துக்களில் ஒட்டிய பனி கால்விரிப்பில் உருகுகிறது. அந்த நீர் ஆவியாகி முன்கண்ணாடியில் படிகிறது. கண்ணாடியைத் தெளியவைக்க ஹீற்றரும் குளிரூட்டியும் ஒன்றாக ஓடுகின்றன. இருக்கையில் பக்கவாட்டாக அமர்ந்து, கால்களை வெளியே நீட்டி, இரண்டு சப்பாத்துக்களையும் ஒன்றோடொன்று தட்டிவிட்டு உள்ளே எடுப்பது இந்த நாட்டுப் பெரியவர்கள் எல்லாரிடமும் இருக்கும் பழக்கம். துணி விரிப்புக்குப் பதிலாக விளிம்பு உயர்ந்த இறப்பர் விரிப்பைப் போட்டு, வாரம் ஒருமுறை அதில் தேங்கிய நீரை வெளியே ஊற்றிவிட்டால் கண்ணாடி மங்குவது பெருமளவு குறையும். ஈரம் குறைந்திருக்கும்போது உட்காற்றையே சுழற்றிப் பயன்படுத்த முடியும். அதனால் சேமிப்பு கூடும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் வெப்பப் பம்பியின் ஆதாயம் பூச்சியத்தை அண்டிய ஈரக் குளிரில் மிக அதிகம், மைனஸ் 15 க்குக் கீழே போகப் போகக் குறைவு. வாங்கும்போது கூடுதல் பணம் கொடுப்பதா என்று கேட்பவர்களுக்கு, ஒஸ்லோ, பேர்கன் போன்ற இடங்களுக்குக் கட்டாயம் கொடுங்கள் என்பேன்.

வீட்டில் சார்ஜ் ஏற்றுவதைப் பற்றி இனி. நோர்வேயின் பழைய வீடுகள் பலவற்றில் மின்வலை 230 வோல்ற், நடுநிலைக் கம்பி இல்லாத அமைப்பு. ஐரோப்பாவின் ஏனைய நாடுகளில் மூன்று கட்ட (திரீ பேஸ்) மின்சாரத்தில் 11 கிலோவாட் ஏற்றும் கார், இங்கே ஒரே கட்டத்தில் 16 அம்பியரில் 3.7 கிலோவாட் அல்லது 32 அம்பியரில் 7.4 கிலோவாட் ஏற்றும். இதைத் தெரியாமல் காரின் விளம்பரத்தை நம்பியவர்கள் முதல் நாளே ஏமாற்றமடைகிறார்கள். வேகத்தைவிடச் செயல்திறன் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் கணினிகளும் பம்பிகளும் விழித்திருந்து சில நூறு வாட் எடுக்கின்றன. 300 வாட் என்று கொண்டால், 20 கிலோவாட் மணியைச் சுவர்ச் சொருகியிலிருந்து ஒன்பது பத்து மணி நேரத்தில் ஏற்றும்போது 3 கிலோவாட் மணி வரை அதற்கே போய்விடும், 7.4 கிலோவாட்டில் மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றினால் ஒன்றுக்கும் குறைவு. கடுங்குளிரில் இந்த வித்தியாசம் இன்னும் விரியும், ஏனெனில் சொருகி கொடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியைப் பற்றரியின் ஹீற்றரே சாப்பிட்டுவிடும். இரவு முழுவதும் இணைத்திருந்தும் காலையில் ஐந்து சதவீதம்தான் கூடியிருக்கிறது என்ற முறைப்பாட்டின் காரணம் இதுதான். சொருகிகள் மணிக்கணக்காகப் பாரத்தைச் சுமக்கச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் தனியான சார்ஜ் பெட்டியைப் பொருத்துமாறு இங்குள்ள மின்பாதுகாப்பு அதிகாரிகளும் அறிவுறுத்துகிறார்கள்; தவிர்க்கப்படும் குளிர்கால இழப்பு அந்தப் பெட்டியின் செலவில் ஒரு பகுதியைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. மாலை வீடு திரும்பும்போது பற்றரி ஓரளவு சூடாக இருக்கும்; உடனே ஏற்றத் தொடங்கினால் அந்தச் சூட்டைப் பயன்படுத்திக்கொள்கிறோம். மாறாக, ஏற்றுவதை விடியற்காலை முடியும்படி அமைத்தால், ஏற்றும்போது உண்டாகும் சூட்டுடனேயே புறப்படுகிறோம். நான் இரண்டாவதையே பின்பற்றுகிறேன், ஏனெனில் எனக்குக் காலைப் பயணம்தான் நீளமானது. முன்பு இரவு மின்விலைக்காகக் காத்திருந்தோம். 2025 ஒக்ரோபரில் வந்த நோர்வே விலைத் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு, ஒஸ்லோவில் வரியுடன் கிலோவாட் மணிக்கு 50 ஓர (அரைக் குரோனர்) என்ற ஒரே விலை எல்லா நேரத்திலும் இருப்பதால் அந்தக் காத்திருப்பின் தேவை குறைந்துவிட்டது. ஆனால் மின்வலைக் கட்டணத்தை மறந்துவிடக் கூடாது. மாதத்தில் வெவ்வேறு மூன்று நாட்களில் வீடு அதிகமாக மின்சாரம் எடுத்த மூன்று மணித்தியாலங்களின் சராசரியை வைத்தே அதன் ஒரு பகுதி கணிக்கப்படுகிறது. இடியப்பம் அவியும் அடுப்பும், சுடுநீர்த் தாங்கியும், அறை ஹீற்றர்களும், 7.4 கிலோவாட் காரும் ஒரே மணித்தியாலத்தில் சந்தித்தால் அடுத்த படிக்கு ஏறிவிடுவோம். எங்கள் வீட்டில் கார் இரவு ஒரு மணிக்குப் பின்னரே தொடங்கும்.

வேகச் சார்ஜரில் நான் கற்ற பாடம் எனக்கு விலை கொடுத்துக் கிடைத்தது. 2022 டிசம்பரில், துரொண்யெமில் உறவினர் வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு (பூப்பு நீராட்டு விழாவுக்கு) குடும்பத்துடன் புறப்பட்டோம். லில்லஹாம்மரில் 80 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு, குட்பிரான்ஸ் பள்ளத்தாக்கினூடாக ஏறி, இரவு ஏழரை மணிக்கு டொம்போஸ் வந்து சேர்ந்தபோது 24 சதவீதம் மிஞ்சியிருந்தது. வேகச் சார்ஜர் கண்ணெதிரே வெறுமையாக நின்றது. பிள்ளைகள் நித்திரை, வெளியே மைனஸ் 21. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுதிக்குப் போய்விட்டோம். காலையில் கார்க் கண்ணாடியின் உட்புறத்திலும் பனிப்பூ படிந்திருந்தது. திரையில் 19 சதவீதம். சார்ஜரை இணைத்ததும் எண் 18 கிலோவாட்டுக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. கோடையில் இதே கார் 70 க்கு மேல் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நிமிடமும் திரையைப் பார்த்தபடி கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாற்பது நிமிடங்களில் அது 20 ஐத் தாண்டவில்லை. 80 சதவீதத்தைத் தொட இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. எங்களுக்குப் பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன. தண்ணி வார்க்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. தாய்மாமன் முறையில் நின்று செய்ய வேண்டியவன் நான், என் இடத்தில் வேறொருவர் நின்று செய்தார். அதை இன்றும் மனவருத்தத்துடன்தான் நினைக்கிறேன்.

நான் இழந்தது ஐந்து சதவீத மின்சாரம் அல்ல. நான்கு மணி நேரம் மலையேறி ஓட்டிப் பற்றரிக்குள் சேர்த்த வெப்பம் முழுவதையும் ஓர் இரவில் காற்றுக்குக் கொடுத்துவிட்டேன். சார்ஜ் ஏற்ற வேண்டிய இடம் ஓட்டத்தின் முடிவு, ஓய்வின் முடிவல்ல. 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிரின்போது சார்ஜர் நிலையங்களில் மின்சாரக் கார்கள் நீண்ட வரிசையில் சிக்கிக்கொண்ட செய்தியை வாசித்தபோது டொம்போஸின் அந்தக் காலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பற்றரி குளிர்ந்த ஒவ்வொரு காரும் சார்ஜரை இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடித்துக்கொள்கிறது. வரிசை அங்கிருந்துதான் வளர்கிறது.

புதிய மாதிரிகள் பலவற்றில், வழிகாட்டியில் சார்ஜரையே இலக்காகக் குறித்தால், போய்ச் சேர்வதற்கு அரை மணி நேரம் முன்னரே கார் பற்றரியைச் சூடாக்கத் தொடங்கிவிடும். வழி மனப்பாடம் என்பதற்காக இலக்கைக் குறிக்காமல் ஓட்டுபவர்கள் இந்த வசதியை இழக்கிறார்கள். என்னுடையதைப் போன்ற பழைய காரில் ஓட்டமே ஹீற்றர். இறங்கி உணவருந்திவிட்டு ஏற்றாமல், ஏற்றிக்கொண்டே உணவருந்த வேண்டும். சதவீதம் 10 க்கும் 20 க்கும் இடையில் இருக்கும்போது போய்ச் சேருவதே நல்லது, ஏனெனில் வெறுமையான பற்றரி வேகமாக வாங்கும்; 80 க்கு மேல் நிற்பது பணத்தையும் பிறரின் நேரத்தையும் வீணாக்குவது. ஆனால் குளிரில் 10 சதவீதம் என்பதைக் கோடையின் 10 சதவீதம் என்று எடுக்கக் கூடாது. மலைப்பாதையில் நான் இயன்றவரை 20 க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். லித்தியம் இரும்புப் பொஸ்பேற் வகைப் பற்றரி உள்ளவர்கள் இன்னும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். அந்த வகை குளிரில் ஏற மேலும் தயங்கும்.

மலை என்றதும் பலர் ஏற்றத்துக்கு அஞ்சுகிறார்கள். ஒஸ்லோவிலிருந்து ஈ6 நெடுஞ்சாலையின் உச்சமான டொவ்ரே மேட்டுக்கு, 1026 மீற்றர் உயரத்துக்கு, இரண்டு தொன் எடையுள்ள காரை ஏற்ற 5.5 கிலோவாட் மணி அளவு வேண்டும். பற்றரி சூடாக இருந்தால் இறக்கத்தில் அதில் பெரும்பங்கை மீட்புப் பிரேக் திருப்பித் தந்துவிடும். மேட்டில் இரவு தங்கி, 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குபவருக்கு மட்டும் எதுவும் திரும்பாது, ஏனெனில் நிறைந்த பற்றரியில் இடமில்லை. அவர் 85 இல் நிறுத்திக்கொள்வது நல்லது. புயலில் பாதை மூடப்பட்டு, பனிவாரியின் பின்னால் அணியாகப் போகக் காத்திருக்க நேர்ந்தால் உள்ளே உறைந்துவிடுவோமோ என்று அம்மா ஒருமுறை கேட்டார். பாதிப் பற்றரி 32 கிலோவாட் மணி. ஹீற்றருக்கு மணிக்கு 2 என்றால் 16 மணி நேரம் கதகதப்பாக இருக்கலாம், புகைக்குழாய் பனியில் அடைபட்டு நச்சுப் புகை உள்ளே வரும் என்ற பயமும் இல்லை. இருந்தாலும் இரண்டு கம்பளிகளும், வெந்நீர்ப் போத்தலும், ஒரு மண்வெட்டியும் எங்கள் காரில் எப்போதும் இருக்கும்.

சில சிறு விடயங்கள். சார்ஜ் துவாரத்தின் மூடி உறைந்து திறக்காவிட்டால் கொதிநீர் ஊற்ற வேண்டாம். சில நிமிடங்களில் அதுவே பனிக்கட்டியாகிப் பூட்டையும் அடைத்துவிடும். உள்ளங்கையால் மூடியின் விளிம்பைச் சுற்றித் தட்டினாலே பெரும்பாலும் விடும், விடாவிட்டால் முன்சூடாக்கலைத் தொடக்கிக் கால் மணி நேரம் காத்திருங்கள். இறப்பர் விளிம்புகளுக்குக் கார்த்திகையிலேயே சிலிக்கன் பூசிவைப்பது நல்லது. வடத்தின் முனையைப் பனியில் போடாமல் தொங்கவிடுங்கள். நிறுத்திவைத்திருக்கும்போது காவல் கமராக்களை இயக்கிவைத்தால் ஒரு நாளில் பல கிலோவாட் மணி போய்விடும். செயலியைத் திறந்து திறந்து பார்ப்பதும் நித்திரையில் இருக்கும் காரை எழுப்புவதுதான். மலைக்குடிலில் மூன்று நாட்கள் நிறுத்துவதென்றால் இரண்டையும் நிறுத்திவிட்டு, 50 சதவீதத்துக்குக் குறையாமல் விட்டுச் செல்லுங்கள். குளிர்ந்த பற்றரி சில சதவீதத்தை மறைத்துக் காட்டும்; ஓடிச் சூடேறியதும் அது திரும்ப வரும்.

2025 பெப்ரவரியில் அதே உறவினர் வீட்டுக்கு மீண்டும் போனோம். டொம்போஸில் மைனஸ் 17. மாலை ஆறரைக்கு 13 சதவீதத்துடன் வந்து, காரிலிருந்து இறங்கும் முன்பே சார்ஜரை இணைத்தேன். எண் 40 இல் தொடங்கி 50 ஐத் தாண்டியது. மனைவி கொண்டுவந்திருந்த கட்டுச்சோற்றைப் பிள்ளைகள் காரின் சூட்டிலேயே இருந்து சாப்பிட்டு முடித்து, கை துடைத்து, சின்னவள் தன் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது 80 சதவீதம் ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் முழுமையாக ஆகவில்லை. விடுதியின் வெளிச்சுவரில் இருந்த சிறு சார்ஜ் பெட்டியில் காரை இணைத்து, புறப்படும் நேரத்தை ஏழு மணி ஐம்பது என்று குறித்துவிட்டு உள்ளே போனோம். காலையில் பக்கத்தில் நின்ற கார்களின் கண்ணாடிகளை ஆட்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முன்கண்ணாடியில் பனி ஏற்கெனவே உருகி, துடைப்பான்களின் அடியில் நீராக ஒதுங்கியிருந்தது.